ட்ரூடியோட கிஃப்ட் பாக்ஸ்: மங்க் கடைசி சீசன் மேல இருக்கிற வழக்கு

2009 டிசம்பர் 4 ராத்திரி அமெரிக்காவுல யூஎஸ்ஏ நெட்வொர்க்ல மங்க் சீரியலோட கடைசி எபிசோட் ஓடி முடிஞ்சுது, சுமார் 94 லட்சம் பேர் பார்த்தாங்க, கேபிள் சேனல்ல ஒரு மணிநேர டிராமாவுக்கு அந்த நேரத்துல அதுதான் ரெக்கார்டு. ஆனா சீரியல் பிடிச்சவங்க ரெண்டு பேர் சேர்ந்தா இன்னைக்கும் ஒரே விஷயத்துல முட்டிக்குவாங்க: ட்ரூடியைக் கொன்னது யாருன்னு மங்க் கண்டுபிடிச்சாரா, இல்ல யாரோ சொல்லிக் குடுத்தாங்களா? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ரெண்டு பக்கமும் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுட்டுதான் பேசுறாங்கன்னு நான் நினைக்கிறேன். அதனால கேஸை முதல்ல இருந்து எடுத்துப் பார்ப்போம். இன்னும் பார்க்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க, கொலைகாரன் பேர் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லப்போறேன்.

கேஸ் என்ன

ஏட்ரியன் மங்க், சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ்ல டிடெக்டிவ். பொண்டாட்டி ட்ரூடி பத்திரிகைக்காரங்க. 1997 டிசம்பர் 14, ஒரு பார்க்கிங் கட்டடத்துல அவங்க கார்ல வெச்ச குண்டு வெடிச்சு இறந்துடுறாங்க. ஏற்கெனவே சுத்தம், ஒழுங்குன்னு கொஞ்சம் ஓவரா இருந்த மனுஷன் அதோட மொத்தமா உடைஞ்சுபோறார், ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்துற மனநோய்) முத்திப்போயி, பயம் லிஸ்ட் போட்டாலும் அடங்காத அளவுக்கு வளர்ந்து, வேலையும் போயிடுது. சீரியல் ஆரம்பிக்கிறது 2002 ஜூலைல, அப்போ அவர் போலீஸுக்கு வெளியில இருந்து உதவுற ஆள், கூட ஒரு நர்ஸ் ஷரோனா, பழைய ஃப்ரெண்ட் கேப்டன் ஸ்டாட்டில்மையர், அவருக்குக் கீழ ராண்டி டிஷர்.

8 சீசன், 125 எபிசோட். நிறைய எபிசோட்ல யார் கொலைகாரன்னு நமக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடும், எப்படிப் பண்ணான், மங்க் எதைப் பார்த்துப் பிடிப்பார்னு மட்டும்தான் கேள்வி. கைப்பிடியைத் துடைக்காம தொட முடியாத மனுஷன், ஒரு ரூம்ல எது இடம் மாறி இருக்குன்னு மட்டும் எல்லாருக்கும் முன்னாடி பார்த்துடுவார், அவரைப் படுத்துற அதே குணம்தான் அவருக்குச் சோறு போடுது. டோனி ஷலூப் இந்த ரோலுக்கு 8 வருஷமும் எம்மி நாமினேஷன் வாங்கி 3 தடவை ஜெயிச்சார், அதுல ஒண்ணுகூட தப்பா குடுத்த அவார்டு இல்ல.

எல்லா கேஸையும் முடிக்கிறவர் ட்ரூடி கேஸை மட்டும் முடிக்க முடியல. அந்த ஒரு நூலை சீரியல் ரொம்ப நிதானமா, சில நேரம் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இடைவெளி விட்டு விட்டு இழுத்துச்சு. ரெண்டாவது சீசன் கடைசில ஜெயில்ல இருக்கிற டேல்ங்கிற ராட்சச உடம்புக்காரன் ஒரு பேர் சொல்றான், வாரிக் டென்னிசன். மூணாவது சீசன் ஆரம்பத்துல மங்க் நியூயார்க் போய் அந்த டென்னிசனைப் பிடிக்கிறார்.

அந்த சீனை இங்க கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா கடைசி எபிசோட் பத்தின சண்டைக்கு அதுதான் என்னோட முக்கிய சாட்சி. டென்னிசன் ஆஸ்பத்திரில சாகக் கிடக்கான், குண்டைச் செஞ்சவன் அவன்தான், வலி தெரியாம இருக்க மார்ஃபின் ட்ரிப் ஏறிட்டிருக்கு. மன்னிச்சுடுன்னு கேக்குறான். மங்க் கையை நீட்டி ட்ரிப்பை நிறுத்துறார், இது நான் நிறுத்துறதுன்னு சொல்றார். சில நொடி அப்படியே நிக்கிறார், அந்த ஆள் வலியில துடிக்கிறான். அப்புறம் திரும்ப ஓட விட்டுட்டு, இது நீ கொன்ன ட்ரூடி திறந்து விடுறதுன்னு சொல்லிட்டுப் போறார். கத்தல் இல்ல, அழுகை இல்ல, பெரிய மியூசிக் இல்ல. எட்டு சீசன்ல மங்க் யாருங்கிறதை இதைவிடத் தெளிவா எந்த சீனும் சொன்னதில்ல.

டென்னிசன் குடுத்த தடயம்: குண்டு செய்யச் சொல்லி காசு குடுத்தவனுக்கு வலது கையில ஆறு விரல். ரசிகர்கள் அந்த ஆறு விரலைப் பிடிச்சுக்கிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. ஆறாவது சீசன் கடைசில, 2008 பிப்ரவரில, ஃபிராங்க் நன்னுனு ஒருத்தன் வந்தான், ஆறு விரல் இருந்துச்சு, வாயைத் திறந்து உருப்படியா எதையும் சொல்றதுக்குள்ள சுட்டுட்டாங்க, அந்தப் பழியும் மங்க் மேலயே விழுந்துச்சு. நூல் அங்கயே அறுந்துச்சு. அதுக்கப்புறம் ஏழாவது சீசன் முழுக்க அந்தக் கேஸ் நகரவே இல்ல.

கடைசில நடந்தது

எட்டாவது சீசன் 2009 ஆகஸ்ட் 7 ஆரம்பிச்சுது, 16 எபிசோட். இதுதான் கடைசினு முன்கூட்டியே தெரிஞ்சு எழுதின சீசன், அது ரொம்ப முக்கியம், திடீர்னு கேன்சல் பண்ணிட்டாங்க, அவசரத்துல முடிச்சோம்னு யாரும் சொல்ல முடியாது. 14 எபிசோட் வழக்கம்போல தனித்தனி கேஸ், கடைசி ரெண்டு மட்டும் ட்ரூடி.

ஒரு கிளினிக்ல ஒரு டாக்டரைக் கொன்னுடுறாங்க. அங்க போன மங்க், ட்ரூடி சாகுற அன்னைக்கு வந்த கடைசி இடம் இதுதான்னு ஞாபகம் வந்து திரும்ப அந்த நாளைத் தோண்ட ஆரம்பிக்கிறார். கொலைக்குப் பின்னாடி இருக்கிற ஆளுக்கு இது தெரிஞ்சுடுது, மங்க் எப்பவும் கை துடைக்கிற வெட் வைப்ல விஷத்தை வெச்சுடுறாங்க. எதுல விஷம், என்ன விஷம், யாருக்கும் தெரியல, விஷம் வெச்சவனும் ரயில்ல அடிபட்டுச் செத்துடுறான், மங்குக்கு இருக்கிறது கொஞ்ச நாள்தான்.

அப்போதான் அந்த பாக்ஸ் வருது. ட்ரூடி சாகுறதுக்கு முன்னாடி கிறிஸ்துமஸுக்குன்னு சுத்தி வெச்ச கிஃப்ட், 12 வருஷமா பிரிக்காம வெச்சிருந்தார். பிரிச்சா உள்ள ஒரு வீடியோ கேசட். ட்ரூடி பேசுறாங்க: காலேஜ்ல லா படிக்கும்போது ஈத்தன் ரிக்கோவர்ங்கிற புரொஃபசரோட தொடர்பு இருந்துச்சு, குழந்தை பிறந்துச்சு, 9 நிமிஷத்துல இறந்துடுச்சுன்னு சொன்னாங்க, இப்போ அந்த ஆளு பெரிய நீதிபதி, அந்த விஷயம் வெளிய வந்துடும்ங்கிற பயத்துல இருக்கான், எனக்கு ஏதாவது ஆச்சுன்னா...

மங்க் துப்பாக்கியோட ரிக்கோவர் வீட்டுக்குப் போயிடுறார். தோட்டத்துல இருக்கிற சூரியக் கடிகாரத்துக்குக் கீழதான் அன்னைக்குப் பிரசவம் பார்த்த வெண்டி ஸ்ட்ரவுட் புதைஞ்சு கிடக்காங்க. ரிக்கோவர் துப்பாக்கியை எடுத்து, அவளைப் பார்த்துக்கோன்னு மங்க்கிட்ட சொல்லிட்டு தன்னையே சுட்டுக்கிறான். அந்த "அவள்" யாருன்னு தேடிப் போனா, குழந்தை சாகவே இல்ல, தத்துக் குடுத்திருக்காங்க, மாலி எவன்ஸ், வளர்ந்து சினிமா விமர்சகரா இருக்கா. வைப்ல விஷம்னு கண்டுபிடிச்சு மங்க்கும் பிழைச்சுடுறார்.

முதல் புகார்: பதில் பாக்ஸ்லயே இருந்துச்சு

பெரும்பாலானவங்களோட கோபம் இதுதான். உலகத்துலயே பெரிய துப்பறிவாளர்னு எட்டு வருஷம் காட்டிட்டு, கடைசில பொண்டாட்டி கேசட்ல பேரைச் சொல்லி, புரொஃபசர் யாருன்னு சொல்லி, காரணமும் சொல்லிட்டா அப்புறம் இவர் எதுக்கு? முதல் நாளே பிரிச்சிருந்தா 12 வருஷம் வேஸ்ட் ஆகியிருக்காது, ஆறு விரல் தேடுனதெல்லாம் எதுக்கு, ட்ரூடி நேர்ல சொல்லியிருக்கலாமே, கிறிஸ்துமஸ் பேப்பர்ல சுத்தி வெக்கிறது யார் பண்ற வேலை.

கடைசி கேள்விக்கு எனக்கும் பதில் இல்ல, அது எழுத்தாளர்களோட வசதிக்கு வெச்சதுதான், அதுல அவங்களுக்காக வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா மத்தது சரியில்ல.

முதல்ல, கேசட்ல எல்லாமே இல்ல. வெண்டி எங்க புதைஞ்சிருக்காங்கன்னு அதுல இல்ல. அதைவிடப் பெருசு, குழந்தை உயிரோட இருக்குன்னு கேசட்ல இல்ல, ஏன்னா ட்ரூடிக்கே அது தெரியாது. செத்துப்போச்சுன்னு நம்பிக்கிட்டேதான் அவங்க செத்தாங்க. கேசட் குடுத்தது கொலைகாரனோட பேர். மாலி கிடைச்சது ரிக்கோவர் கடைசியா சொன்ன ஒத்தை வரியை யாரோ விடாம பிடிச்சதுனால. பாக்ஸ்லயே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்றவங்க இந்த ரெண்டையும் ஒண்ணாக்கிடுறாங்க.

அடுத்தது, ஏன் பிரிக்கலங்கிறது. அடுத்தவங்க வீட்டுக்குப் போனா அலமாரி, குப்பைத்தொட்டி, கார்பெட் ஓரம்னு ஒண்ணு விடாம பார்க்கிற ஆள் தன் வீட்ல இருக்கிற ஒரு பொட்டியை 12 வருஷம் தொடல. பிரிக்காத வரைக்கும் ட்ரூடிகிட்ட இருந்து இன்னும் ஒண்ணு வர வேண்டியது பாக்கி இருக்கு. பிரிச்சுட்டா அவ்ளோதான், அவங்க குடுக்கிறதுக்கு இனிமே எதுவும் இல்ல. வீட்ல ஒரு சாவு நடந்து, போனவங்க கடைசியா மடிச்சு வெச்ச துணியை அப்படியே அலமாரியில விட்டு வெச்சிருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மங்க் பாக்ஸைத் தொடாம இருந்தது சோம்பேறித்தனமான எழுத்துனு சொல்றவங்க, அவர் எதுனால துப்பறியிறாரோ அதே எதுனால முடங்கியும் கிடக்குறாருங்கிற சீரியலோட அடிப்படையையே விட்டுடுறாங்க. தன் கேஸை முடிக்க அவர் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமே இல்லாம போகலாம், ஆனா ஒண்ணைத் தாங்கிக்க வேண்டியிருந்துச்சு, சாகப்போறோம்னு தெரிஞ்சப்புறம்தான் அது முடிஞ்சுது.

ரெண்டாவது புகார்: அந்த ஜட்ஜ் யாருய்யா

இங்கதான் நான் கோபப்படுறவங்க பக்கம் முழுசா போயிடுறேன், பாக்ஸ் மேல கத்துறவங்க உண்மையில இதுக்குதான் கத்தியிருக்கணும்.

ரிக்கோவரா நடிச்சது கிரெய்க் டி. நெல்சன், நல்ல நடிகர், கொஞ்ச நேரத்துலயே அந்த ஆளோட திமிரையும் பயத்தையும் காட்டிட்டார். ஆனா 123 எபிசோட் பார்த்த ரசிகனுக்கு அவர் யாருன்னே தெரியாது. டேல் தெரியும், டென்னிசன் தெரியும், ஆறு விரல் தெரியும், இவரு கடைசி ரெண்டு மணிநேரத்துல வர்றார். 12 வருஷத்துக் கொலைக்குப் பின்னாடி இருந்தவன் ஒரு புது ஆள்னா, நமக்கு "ஐயோ இவனா"ன்னு ஒரு நெஞ்சிடி வர வழியே இல்ல. நன்னுக்கும் ஜட்ஜுக்கும் நடுவுல இருந்த சங்கிலியையும் யாரும் உட்கார்ந்து கோத்துக் காட்டல.

எனக்கு ஆத்தாமை என்னன்னா, இதை சரிபண்ண வழி அதே சீசன்லயே இருந்துச்சு. அஞ்சாவது எபிசோட்ல மங்க் கோர்ட்ல சாட்சி சொல்லப் போறார். எதிர்த்தரப்பு வக்கீல் அவரோட நோய், பயம், வேலை போன கதை எல்லாத்தையும் இழுத்துப் போட்டு அவரைக் கூண்டுலயே நொறுக்கிடுறான், குற்றவாளி வெளிய போயிடுறான். கோர்ட் இருக்கு, மேடையில ஒரு நீதிபதி நாற்காலி இருக்கு. அந்த நாற்காலில ரிக்கோவரை உட்கார வெச்சிருக்கலாமே! ரெண்டு நிமிஷம் போதும். மங்க் கூண்டுல தடுமாறும்போது மேல இருந்து ஒருத்தர் தண்ணி வேணுமான்னு கனிவா கேக்குறார், நாமளும் நல்ல மனுஷன்னு நினைக்கிறோம். பத்து எபிசோட் கழிச்சு கேசட்ல அந்தப் பேரு வந்தா எப்படி இருந்திருக்கும்! தன் பொண்டாட்டியைக் கொன்னவன் முன்னாடி நின்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கார்னு தெரிஞ்சா! கதையில இதுக்காக ஒரு வரி கூட மாத்த வேண்டியதில்ல. செய்யல. கேஸுக்கான அஸ்திவாரத்துல கடைசி சீசன் காட்டின அலட்சியத்துக்கு இதைவிட சாட்சி தேவையில்ல.

ஆனா அதே சீசன் ஆளுக்கான அஸ்திவாரத்தை எவ்ளோ பொறுமையா போட்டிருக்குன்னும் பார்க்கணும். ரெண்டாவது எபிசோட்ல நைஜீரியால இருந்து ஒருத்தர் வர்றார், கார் மோதிட்டு நிக்காம போனதுல பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர், மங்க் முதல் தடவையா தன் வலியை வேறொரு மனுஷன் முகத்துல பார்க்கிறார். குரூப் தெரபி எபிசோட்ல, வருஷக்கணக்கா ஆகாத இன்னொரு பேஷண்ட் ஹெரால்டோட ராசியாகிறார். போலீஸ் பேட்ஜ் எபிசோட்ல, இத்தனை வருஷமா ஏங்கின வேலை திரும்பக் கிடைச்சு, அது தனக்கு வேண்டாம்னு தெரிஞ்சு திருப்பிக் குடுக்கிறார். இந்த எபிசோடை சப்புன்னு முடிச்சுட்டாங்கன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அது சீசன்லயே நேர்மையான எபிசோட், ஏன்னா வேணும் வேணும்னு பிடிச்சுக்கிட்டு இருந்ததை மனுஷன் தானாவே கையைவிட்டு விடுறார். அதுக்கு அடுத்த எபிசோட்லதான் பாக்ஸ் கதையே ஆரம்பிக்குது. வரிசை தற்செயலா அமைஞ்ச மாதிரி எனக்குத் தெரியல.

மாலி

கடைசி நிமிஷத்துல ஒரு மகளைக் கொண்டுவந்து அழ வெச்சுட்டாங்கன்னு ஒரு கட்சி. மங்குக்கு ரத்த சம்பந்தமே இல்லாத பொண்ணு, ட்ரூடியோட பழைய உறவுல பிறந்தவ, அவளைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிடுமா?

இவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது, மூணாவது சீசனோட கடைசி எபிசோடைத் திரும்பப் பாருங்க. ரெண்டு வயசுப் பையன் டாமியை மங்க் கொஞ்ச நாள் வீட்ல வெச்சுப் பார்த்துக்கிறார், தன் ஒழுங்கெல்லாம் குலைஞ்சாலும் பொறுத்துக்கிட்டு, தத்தெடுத்துக்கலாம்னு வரைக்கும் நினைச்சு, கடைசில தன்னால ஒரு குழந்தையை வளர்க்க முடியாதுன்னு தானே ஒத்துக்கிட்டு திருப்பி அனுப்புறார். அந்தப் பையன் போன வீட்டை ஷலூப் பார்க்கிற பார்வையை மறந்தவங்களுக்குத்தான் மாலி திடீர்னு வந்த மாதிரி தெரியும். கொலைகாரன் கிடைச்சப்புறமும் மங்க் நிம்மதி ஆகலங்கிறதை சீரியல் மறைக்கல, வெறுமையாத்தான் உட்கார்ந்திருக்கார். கேஸ் முடிஞ்சா வலி முடிஞ்சுடும்னு அவரும் நம்பினார், நாமும் நம்பினோம், அது நடக்கல. மாலிகிட்ட ட்ரூடியோட ஒரு பங்கு உயிரோட நிக்கிறதைப் பார்த்தப்புறம்தான் அவர் எழுந்து நிக்கிறார். முடிவுல இவ்ளோ சரியான இடம் வேற இல்ல.

ஷரோனா, ராண்டி விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். மூணாவது சீசன் நடுவுல போன ஷரோனா இந்த சீசன்ல ஒரு எபிசோடுக்கு வந்தாங்க, அவங்களும், அவங்களுக்கு அப்புறம் மங்க்குக்கு உதவியாளரா வந்த நாட்டலியும் மங்க்கை எப்படிப் பார்த்துக்கிறதுன்னு முட்டிக்கிட்டது அருமை, ராண்டி நியூஜெர்சில போலீஸ் சீஃபா ஷரோனாவோட செட்டில் ஆனது அவசரம். நாட்டலியை விட்டுட்டு ஷரோனாவுக்கு இடம் குடுத்துட்டாங்கன்னு கோபப்படுறவங்களோட எனக்கு ஒத்துப்போகல, கடைசி வரைக்கும் மங்க் பக்கத்துல நின்னது நாட்டலிதான்.

ரிக்கோவர் சுட்டுக்கிட்டது

இந்தக் கேஸ்ல எனக்கு இன்னும் முடியாத பகுதி இதுதான். டென்னிசன் சீன்ல கதை முடிவை மங்க் கையில குடுத்துச்சு: வலியை ஏத்தவும் முடியும், இறக்கவும் முடியும், அவர் ட்ரூடி பேரைச் சொல்லி இறக்கிவிட்டார். ஃபினாலேல துப்பாக்கி அவர் கையில, எதிர்ல குண்டு வெக்கச் சொன்ன மூல ஆளே நிக்கிறான், இந்த முறை என்ன பண்ணுவார்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம், ரிக்கோவர் தானே முடிவெடுத்துட்டுப் போயிடுறான். மங்க் சுடாம இருக்கிறதையோ, விலங்கு மாட்டி கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போறதையோ நாம பார்க்கவே இல்ல. நீதிபதி குற்றவாளிக் கூண்டுல நிக்கிற காட்சி, அதுவும் மங்க்கைக் கூண்டுல நொறுக்கின அதே சீசன்ல, எழுதாம விட்ட பெரிய காட்சி அது. மாலி பத்தி ஒரு வரி சொல்லணும்கிறதுக்காக ரிக்கோவரை சாக விட்டாங்கன்னு புரியுது, ஆனா அதை அவன் கைதாகும்போதும் சொல்லியிருக்கலாம்.

2023 டிசம்பர் 8 பீகாக் ஸ்ட்ரீமிங்ல வந்த மங்க் படத்தை வெச்சு இந்தச் சண்டை திரும்பக் கிளம்புச்சு. கோவிட் காலத்துக்கு அப்புறம் மங்க் பழைய நிலைமையைவிட மோசமா இருக்கார், வாழவே பிடிக்காத இடத்துக்குப் போயிட்டார், மாலியோட கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை செத்துப்போறான், அந்தக் கேஸை எடுக்கிறார். ஃபினாலேல கிடைச்ச நிம்மதியை இது கலைச்சுடுச்சுன்னு நிறைய பேருக்கு வருத்தம். நான் அப்படி எடுத்துக்கல. 2009ல அவர் குணமாயிட்டார்னு யாரும் சொல்லல, கொஞ்சம் லேசானார், அவ்ளோதான். இந்த நோய் இருக்கிறவங்களையும், கூட இருந்து பார்த்துக்கிறவங்களையும் கேளுங்க, நல்லா இருக்கிற வருஷம் வரும், திரும்ப விழுற வருஷமும் வரும். படத்துக் கடைசில, அவர் கொலைகாரனைக் கண்டுபிடிச்சுக் குடுத்த பழைய கேஸ்ல செத்துப்போனவங்க எல்லாம் அவர் முன்னாடி வந்து நிக்கிறாங்க, நன்றி சொல்றாங்க. அதுல ரிக்கோவர் கேஸைவிட மத்த 120 சொச்ச கேஸுக்கு அதிக வெயிட் கிடைக்குது, அது நியாயம்தான்.

திரும்பப் பார்க்கப் போறவங்களுக்கு ஒரு ஆர்டர் சொல்றேன்: மூணாவது சீசன் முதல் எபிசோட், அதே சீசனோட கடைசி எபிசோட், ஆறாவது சீசன் கடைசி ரெண்டு, எட்டாவதுல நைஜீரியா ஆளு வர்றது, கோர்ட், பேட்ஜ், அப்புறம் கடைசி ரெண்டு பாகம். இந்த வரிசையில பார்த்துட்டு, கோர்ட் எபிசோட்ல அந்த நீதிபதி நாற்காலில யார் உட்கார்ந்திருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க.